மெதுவாகப் பாட வைத்த இசை மேதை ஜி. ராமநாதன்

தமிழ் சினிமாப் பாட்டு ஒரு காலத்தில் உரக்கப் பாடப்பட்டது. பிறகு அது மெல்லப் பாடப்பட்டது. முதலில் காதைத் தட்டியது. பின்னர் காதருகே வந்து பேசியது.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே பாலம் போல நின்றவர்கள் சிலர். அவர்களில் முக்கியமானவர் ஜி. ராமநாதன். ரசிகர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் இசை மேதை.

அவர் சேலத்துக்காரர் அல்ல. ஆனால் அவருடைய பெயர் நிலைத்ததில் சேலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சேர்வராயன் மலையடியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில்தான் அவருடைய புகழ் பெற்ற மெட்டுகள் பல உருவாயின.

பிச்சாண்டார்கோயில் பிள்ளை

திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடத்தின் அக்கரையில் இருக்கிறது பிச்சாண்டார்கோயில். மும்மூர்த்திகளுக்கும் சன்னதி உள்ள உத்தமர் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவர் ராமநாதன்.

வீட்டில் சங்கீதம் இருந்தது. அவருடைய அண்ணன் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். ராமர் கதையும் வள்ளி கதையும் சொல்லுவார். கதைக்கு நடுவே பாட்டு வரும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஹார்மோனியம் வாசிப்பார்.

கதாகாலட்சேபம் என்பது ஒரு பெரிய பள்ளிக்கூடம். சீதை அழுகிற இடத்தில் எந்த ராகம்? அனுமான் தாவுகிற இடத்தில் எந்தத் தாளம்? அங்கே கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் வித்வான்கள் அல்ல. வயலில் வேலை செய்து விட்டு வந்தவர்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும். அவர்கள் கண் கலங்க வேண்டும்.

சங்கீதக் கச்சேரி மேடை கற்றுத் தராத இந்தப் பாடத்தை ராமநாதன் சிறு வயதிலேயே கற்றுக் கொண்டார். பின்னாளில் சினிமாவில் அவருக்குச் சோறு போட்டது இந்தப் பாடமே.

தொண்டைதான் மூலதனம்

அந்தக் காலத்து நாடக மேடையில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். ஆகையால் நடிகர் என்றால் உச்சக் குரலில் பாட வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படிப் பாடித்தான் ஜனங்களைக் கட்டிப் போட்டார்கள்.

1931ல் தமிழ்நாட்டுக்குப் பேசும் படம் வந்தது. நாடகத்தில் பாடியவர்களே சினிமாவுக்கும் வந்தார்கள். காமிரா முன்னால் நின்று, நடித்துக் கொண்டே உரக்கப் பாடினார்கள். ஒரு படத்தில் 30, 40 பாட்டுகள் கூட இருந்தன. அத்தனை பாட்டும் மேடைப் பாட்டு மாதிரியே இருந்தன.

ராமநாதன் இந்தச் சமயத்தில்தான் சினிமாவுக்கு வந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'சத்தியசீலன்' 1936ல் வெளியாயிற்று. அந்தப் படமே அவருக்குச் சினிமா வாசலைத் திறந்து விட்டது.

சேலத்தில் ஒரு சினிமாக் கோட்டை

அதே சமயத்தில் சேலத்தில் வேறொரு கதை நடந்து கொண்டிருந்தது.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்துக்குப் போய் நெசவுத் தொழில் படிப்பு படித்தவர். படித்துத் திரும்பியவர் நூலையும் தறியையும் விட்டு, பிலிம் சுருளைப் பிடித்தார். சேலத்தில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டினார். 1937ல் அதன் முதல் படமான 'சதி அகல்யா' வந்தது.

அது வெறும் கொட்டகை அல்ல. படம் பிடிக்கும் அரங்கு, ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மாதச் சம்பளம். மில்லுக்கு வேலைக்குப் போவது போல நேரத்துக்கு வர வேண்டும். முதலாளியானாலும் சுந்தரமும் நேரம் தவற மாட்டார்.

மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938ல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் இங்கிருந்துதான் வந்தது. 100க்கு மேற்பட்ட படங்கள் எடுத்த அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. ஏற்காடு ரோட்டில் அதன் வாசல் வளைவு மாத்திரம் மிஞ்சியிருக்கிறது.

இந்தக் கோட்டைக்குள் ராமநாதன் வந்தார். 1940ல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' படத்துக்கு இசை அமைத்தார். சுவையான சங்கதி ஒன்று உண்டு. 18 வருஷம் கழித்து, 1958ல், சிவாஜி கணேசன் நடித்து அதே பெயரில் இன்னொரு 'உத்தம புத்திரன்' வந்தது. அதற்கும் இசை ராமநாதன்தான்!

சாருகேசி வீதிக்கு வந்தது

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. தியாகராஜ பாகவதர் நடித்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவன் பாட்டும் மெட்டும் தந்தார். வாத்திய இசையை அமைத்தவர் ராமநாதன்.

அந்தப் படத்தில் மன்மத லீலையைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. அதன் ராகம் சாருகேசி. 72 மேளகர்த்தா ராகங்களில் அது 26வது. தியாகராஜ சுவாமிகள் அதில் கீர்த்தனை செய்திருக்கிறார். ஆனாலும் கச்சேரிகளில் அது அபூர்வமாகவே கேட்டது.

சாருகேசியின் அமைப்பே விசித்திரமானது. அதன் முன்பாதி சங்கராபரணம் போல நிமிர்ந்து நடக்கும். பின்பாதி தோடியைப் போல உருகும். சிரிப்பில் ஆரம்பித்துப் பெருமூச்சில் முடிகிற ராகம் அது. ஒரே மூச்சில் சந்தோஷமும் ஏக்கமும் வேண்டுமா? சாருகேசியைத் தேடலாம்.

ராமநாதன் அந்த ராகத்தை விடவில்லை. 1956ல் 'மதுரை வீரன்' படத்தில் எம்.எல். வசந்தகுமாரியை அதில் பாட வைத்தார். 1958ல் 'சாரங்கதரா' படத்தில் டி.எம். சௌந்தரராஜனுக்கு அதே ராகத்தில் வசந்த முல்லைப் பாட்டைத் தந்தார். ராகத்தின் பெயரே தெரியாத ஜனங்கள் சாருகேசியை முணுமுணுத்தார்கள். வித்வான்களின் வீட்டில் இருந்த பெட்டியைத் திறந்து நகையை வீதிக்குக் கொண்டு வந்தது போல இருந்தது அது.

மைக் செய்த மாயம்

இதற்கிடையே சினிமாவில் ஒரு பெரிய மாறுதல் நடந்தது. 1938ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க, இன்னொருவர் மறைவிலிருந்து பாடினார். பின்னணிப் பாட்டு தமிழுக்கு வந்து விட்டது.

இதனால் என்ன ஆயிற்று? பாடுகிறவர் இனிமேல் நடிக்க வேண்டியதில்லை. மூடிய அறையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாடலாம். மூச்சு விடுவது கூட மைக்கில் கேட்கும். அப்படியிருக்க, கத்துவானேன்?

அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் இந்த உண்மையைக் கண்டு கொண்டார்கள். மைக்கிடம் ரகசியம் பேசுவது போலப் பாடி, உலகத்தையே வசப்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் அது நடக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு சோகமும் உண்டு. மேடைக் குரலை நம்பியிருந்த பாடக நடிகர்களின் ராஜ்யம் இதனால் சரிந்தது. ராமநாதன் அந்த ராஜ்யத்தில் வளர்ந்தவர். அவருடைய காதும் கையும் மேடைக்குப் பழகியவை. அவரும் அதோடு மறைந்திருக்கலாம். ஆனால் அவர் மறையவில்லை. புதிய குரல்களைத் தேடினார். அவற்றுக்கு ஏற்றபடி மெட்டை மாற்றினார். 'பொன்முடி' படத்தில் தாமே பின்னணியும் பாடினார்.

மலை உச்சிப் பாட்டு

1950ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' வந்தது. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் டைரக்ட் செய்த படம். வசனம் மு. கருணாநிதி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து கதைக் கரு எடுக்கப்பட்டது.

கதையில் ராஜகுருவின் மகன் கொள்ளைக்காரன். மந்திரியின் மகள் அவனை நம்பி மணந்து கொள்கிறாள். ஒரு நாள் அவளைக் கொன்று விட முடிவு செய்து, மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். அவளோ உல்லாசப் பயணம் என்று நினைக்கிறாள். வழியெல்லாம் இருவரும் பாடிக் கொண்டே ஏறுகிறார்கள்.

இந்த இடத்தில் சாதாரண இசை அமைப்பாளர் என்ன செய்வார்? பயங்கரமான மேளத்தை முழங்க விடுவார். ஆபத்து, ஆபத்து என்று வாத்தியங்கள் அலறும்.

ராமநாதன் அப்படிச் செய்யவில்லை. தாலாட்டுப் போல ஆடி அசைகிற மெட்டைப் போட்டார். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினார்கள். இழுப்பு இல்லை, பிருகா இல்லை, அலங்காரம் இல்லை. கனவில் நடப்பது போல அந்தப் பாட்டு நடக்கிறது. கேட்பவருக்குக் கண் சொருகும். மலையும் காற்றும் துணையாக வருவது போல இருக்கும்.

ஆனால் படம் பார்ப்பவருக்கு விஷயம் தெரியும். அவன் மனத்தில் கொலை இருக்கிறது. பாட்டு இனிக்க இனிக்க, நெஞ்சு படபடக்கிறது. இனிமையே இங்கே பயத்தைத் தருகிறது!

உச்சியில் அவன் உண்மையைச் சொல்லி விடுகிறான். கணவனை மும்முறை வலம் வந்து கும்பிட்டு விட்டுச் சாகிறேன் என்று அவள் வரம் கேட்கிறாள். அவன் சம்மதிக்கிறான். வலம் வருகிற சாக்கில் அவனையே கீழே தள்ளி விடுகிறாள்.

பாட்டை எழுதியவர்கள், பாடியவர்கள், படம் எடுத்தவர்கள் எல்லோருக்கும் அதில் பெருமை உண்டு. என்றாலும், மெதுவான பாட்டால் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய முடியும் என்று காட்டியது அந்த மெட்டுதான். 70 வருஷத்துக்குப் பிறகும் அது கேட்கப்படுகிறது.

பாட்டுப் புத்தகமும் சிலோன் ரேடியோவும்

இன்று ஒரு புதுப் பாட்டைக் கேட்க வேண்டுமானால் கைப்பேசியைத் தொட்டால் போதும். அன்று சேலம், நாமக்கல் சீமையில் புதுப் பாட்டு எப்படி ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது?

முதல் வழி, டூரிங் கொட்டகை. ராசிபுரத்துப் பக்கமும் பரமத்திப் பக்கமும் அறுவடை முடிந்தால் கொட்டகை முளைக்கும். படம் ஆரம்பிக்கும் முன்னால் கூம்பு ஸ்பீக்கரில் இசைத்தட்டுப் போடுவார்கள். இரவு நேரத்தில் அது இரண்டு மூன்று ஊர் தாண்டிக் கேட்கும். தறியில் உட்கார்ந்திருப்பவரும், கிணற்றடியில் இருப்பவரும், வண்டி ஓட்டிப் போகிறவரும் டிக்கெட் வாங்காமலே பாட்டைக் கேட்டு விடுவார்கள்.

இரண்டாவது வழி, கல்யாண வீடு. வாழைமரம் கட்டியதும் ஸ்பீக்கரையும் கட்டி விடுவார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், மூன்றரை நிமிஷம்தான் ஓடும். ஊசியை மாற்றி மாற்றி ஒரே பாட்டைப் பத்துத் தடவை போடுவார்கள்.

மூன்றாவது வழி, பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் காலணா, அரையணாவுக்கு விற்ற காலமும் உண்டு. முன்பக்கம் கதைச் சுருக்கம் இருக்கும்; முடிவு மட்டும் இருக்காது. உள்ளே பாட்டுகள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பலர், தெரிந்த பாட்டை வைத்துத் தெரியாத எழுத்தைக் கண்டு பிடித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பலருக்குப் பாட்டுப் புத்தகமே பாடப் புத்தகமாக இருந்தது.

நாலாவது வழி, ரேடியோ. அதில் ஒரு சங்கடம் வந்தது. 1952ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்கவில்லை. சாஸ்திரீய சங்கீதம் கெட்டுப் போகிறது என்று அவர் கருதினார். அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டு குறைந்தது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையிலிருந்து சிலோன் ரேடியோ தமிழ்ப் பாட்டுகளைத் தந்தது. சேலத்தில் பிறந்த மெட்டு, கொழும்புக்குப் போய், சேலத்துக்கே திரும்பி வந்தது! 1957ல் விவித பாரதி ஆரம்பமான பிறகுதான் நம் ரேடியோ மறுபடி சினிமாப் பாட்டுக்கு மனம் இரங்கியது.

சினிமாச் சங்கீதம் சங்கீதம் ஆகுமா என்று கேட்டவர்கள் அன்று பலர். ராமநாதன் அவர்களோடு வாதம் செய்து கொண்டிருக்கவில்லை. கல்யாணி, சாருகேசி என்று அவர்களுடைய ராகங்களையே எடுத்து, மூன்றரை நிமிஷத்துக்குள் அடக்கி, சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்தார். அதுவே அவர் சொன்ன பதில்.

புயலும் நிலாவும்

1950களில் புதியவர்கள் வந்தார்கள். விசுவநாதன் – ராமமூர்த்தி இரட்டையரின் மெல்லிசை ஊரெங்கும் பரவியது. பழைய இசை அமைப்பாளர்கள் பலர் ஒதுங்கினார்கள். ராமநாதன் ஒதுங்க மறுத்தார்.

1954ல் 'தூக்குத் தூக்கி' வந்தது. அதில் சிவாஜி கணேசனுக்காக டி.எம். சௌந்தரராஜனைப் பாட வைத்தார். நடிகரும் பாடகரும் ஒரே ஆள் என்று ஜனங்கள் நம்பும்படி அந்த ஜோடி பொருந்தியது. 1957ல் 'அம்பிகாபதி' படத்தில் ராகங்களை விருந்தாகப் படைத்தார்.

மேல்நாட்டு இசையையும் அவர் வெறுக்கவில்லை. ராக் அண்ட் ரோல் ஆட்டம் உலகத்தை ஆட்டிக் கொண்டிருந்த நேரம். 1958ல் வந்த 'உத்தம புத்திரன்' படத்தில் மோகினிப் பாட்டில் அந்தத் துள்ளலையும் சேர்த்தார். ஹார்மோனியத்தோடு வளர்ந்த கதாகாலட்சேபக்காரரின் தம்பி செய்த வேலை அது!

1959ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. போரும் முழக்கமும் நிறைந்த படம். அதன் நடுவே நிலாவைப் பற்றிய ஒரு காதல் பாட்டு. பி.பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடினார்கள். புயலுக்கு நடுவே அகல் விளக்கு எரிவது போல அந்தப் பாட்டு இருந்தது.

1960ல் கெய்ரோவில் ஆசிய – ஆப்பிரிக்கப் பட விழா நடந்தது. சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறந்த இசை அமைப்பாளர் யார்? ஜி. ராமநாதன்! பிச்சாண்டார்கோயில் ஹார்மோனியத்தின் ஓசை நைல் நதிக் கரையிலும் எட்டியது.

1961ல் 'கப்பலோட்டிய தமிழன்'. பாட்டுகள் பாரதியாருடையவை. அவற்றில் கண்ணம்மாவை நினைத்துப் பாடும் காற்று வெளிப் பாட்டும் ஒன்று. பாரதி பாட்டு என்றால் முழக்கம் என்று நினைத்தவர்கள் அதைக் கேட்டு வியந்தார்கள். மீண்டும் ஸ்ரீநிவாஸும் சுசீலாவும். குரல் உயரவே இல்லை. காற்றிலே மிதந்து வருவது போல அந்தப் பாட்டு வந்தது. உரக்கப் பாடிய காலத்தில் தொடங்கியவர், மௌனத்துக்குப் பக்கத்திலேயே போய் விட்டார்.

1963

1963ஆம் ஆண்டு சேலத்துக்கு ஆகாத ஆண்டு. அந்த வருஷம் ஆகஸ்டு 30ந் தேதி மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரம் காலமானார். அதே வருஷத்தில் ராமநாதனும் காலமானார். கோட்டை கட்டியவரும், அந்தக் கோட்டைக்குள் பாட்டுக் கட்டியவரும் ஒரே வருஷத்தில் மறைந்தார்கள்.

இன்றைய இளைஞர்கள் இரவில் காதில் கருவியை மாட்டிக் கொண்டு புது மாதிரி இசையைத் தேடுகிறார்கள். ஆம்பியன்ட் என்கிறார்கள், டவுன்டெம்போ என்கிறார்கள், டிரீம் பாப் என்கிறார்கள். மெதுவான தாளம், மங்கலான குரல், கனவு போன்ற சூழ்நிலை. 1978ல் பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்துக்காரர் விமான நிலையங்களுக்காக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஆம்பியன்ட் என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. அந்த இசைக்கும் ராமநாதன் இசைக்கும் உறவு கிடையாது. ஆனால் மனிதனின் காது ஒன்றுதான். பகல் முழுவதும் இரைச்சலில் அலைந்தவனுக்கு இரவில் ஒரு மெல்லிய பாட்டு வேண்டியிருக்கிறது.

புதிய பாட்டைத் தேடுகிற பிள்ளைகள் ஒரு நாள் இந்தப் பழைய பாட்டுகளையும் தேடிக் கேட்கலாம். மலை உச்சிப் பாட்டு, கட்டபொம்மன் நிலாப் பாட்டு, கண்ணம்மாப் பாட்டு – மூன்றும் சேர்ந்தால் 15 நிமிஷம் கூட ஆகாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். அந்தப் பாட்டை முதன் முதலில் எந்தக் கொட்டகையில் கேட்டோம் என்று அவர்கள் சொல்லுவார்கள்.